தந்தியைத் தொடாத வில்

1

போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, ஓசூர் பேருந்து நிலையத்தில் சுமதியைப் பார்த்தேன். என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்க்கிறாள். என் மகள் தாரணியின் முதுகில் தொங்கிய பெட்டியைப் பார்த்து என்னவென்று கேட்டாள். வயோலா, வயலினுக்கு அக்கா மாதிரி ஒரு வாத்தியம், பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறாள், அதற்குத் தனியாக ஒரு ஆசிரியையும் வைத்திருக்கிறோம் என்றேன்.

"ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்கன்ற. அப்பறம் என்னாத்துக்குத் தனியா டியூஷன்? பாட்டுல பெயிலா உம் பொண்ணு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குள் அவள் பேருந்து வந்துவிட்டது. நான் தாரணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சுமதிக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வடக்கே, மிச்சிகனில். என் கணவர் செந்தில் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். நான் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் தொலைபேசி எடுக்கிறேன். நம்மூரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் என் அக்கா மஞ்சுளாகூட முதலில், "எந்தக் கல்யாணத்துல வாசிக்கறா?" என்றுதான் கேட்டாள். இங்கே அது கணக்கு, அறிவியல் போல ஒரு பாடம். ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கொரு வாத்தியம் எடுக்கிறார்கள். ஒரே அறையில் ஐம்பது அறுபது பேர், ஒரே ஒரு ஆசிரியர்.

தாரணி ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்குச் சில வாரங்கள் முன்பு அந்த ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தாரணி, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கான மேல்குழுவில் நீடிக்க வேண்டுமானால் விடுமுறை முடிந்ததும் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் தனிப்பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. கடைசி வரி எனக்கு விளங்கவில்லை: "அவள் வாசிப்பது எனக்குக் கேட்பதில்லை."

"மெதுவா வாசிக்கறாள்னு மரியாதையா சொல்றாரு" என்றார் செந்தில். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பல்கலைக்கழகத்தில் இசை படிக்கும் எமிலி என்ற பெண், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறாள் என்று தெரிந்தது. "என் மகளுக்கு டியூஷன் வேண்டும்" என்று அவளுக்கு எழுதினேன். இந்த ஊரில் டியூஷன் என்றால் கல்லூரிக் கட்டணம். நான் ஏதோ படிப்புக்கு உதவித்தொகை கேட்கிறேன் என்று நினைத்து, அந்தப் பெண் மிக வருத்தத்தோடு, தானே கடன் வாங்கித்தான் படிப்பதாகப் பதில் எழுதினாள். இத்தனை வருடங்கள் ஆகியும் இப்படித்தான் இருக்கிறது நம் இங்கிலீஷ்.

முதல் வகுப்பில் நான் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். போன கச்சேரியில் வாசித்ததை வாசிக்கச் சொன்னாள் எமிலி. தாரணி வயோலாவைத் தோளில் வைத்தாள். தொடக்கத்தில் நீளமான சுரங்கள் கொஞ்சம் கரகரத்து வந்தன. பாட்டு வேகமெடுத்த இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. வில் இப்படியும் அப்படியும் அழகாகப் போய்வந்தது. விரல்கள் நகர்ந்தன. தலைகூட அசைந்தது. அறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

எமிலி குனிந்து பார்த்தாள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். வில் தந்தியைத் தொடவே இல்லை. மயிரிழை உயரத்தில் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நாளாக இப்படி?" எமிலி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எப்பவுமே இப்படித்தான்" என்றாள் தாரணி இங்கிலீஷில். "பக்கத்துப் பையனோட வில் மேல போனா நானும் மேல போவேன். அவன் கீழ வந்தா நானும் கீழ. யாரும் கண்டுபிடிக்கல."

ஒவ்வொரு கச்சேரியையும் நான் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறேன். அவள் முகம் தெரிகிற மாதிரி, கூட்டத்தில் எழுந்து நின்று. ஒவ்வொன்றையும் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன். வீடு திரும்பும்போது காரில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ ஏம்மா உள்ள வந்து உக்காந்த?" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

2

பள்ளி மூடியதும் ஊருக்குக் கிளம்ப டிக்கெட் எடுத்திருந்தோம். செந்திலுக்கு விடுப்பு இல்லை, நானும் அவளும் மட்டும். வயோலாவை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். விட்டுவிட்டுப் போனால் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான் என்று எமிலி சொல்லிவிட்டாள். ஓசூரில் காலை ஆறரை என்றால் மிச்சிகனில் இரவு ஒன்பது. வாரம் இரண்டு முறை காணொளியில் வகுப்பு எடுப்பதாக அவளே முன்வந்தாள்.

பெங்களூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் எங்களை நிறுத்தினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். புதிதாக வாங்கிக் கொண்டுவந்து விற்பதற்கா என்று கன்னடத்தில் கேட்டார். மகள் வாசிப்பது, பள்ளியில் வாடகைக்கு எடுத்தது, திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

அவர் தாரணியைப் பார்த்துப் புன்னகைத்தார். "அப்படியா? எங்கே, கொஞ்சம் வாசிச்சுக் காட்டு பார்க்கலாம்."

எங்களுக்குப் பின்னால் வரிசை. டிராலிகள், அழும் குழந்தை, அவசரப்படும் மனிதர்கள். தாரணி வயோலாவை எடுத்துத் தோளில் வைத்தாள். வில்லைத் தூக்கினாள். வில் போனது, வந்தது. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை. சத்தம் வரவில்லை.

அதிகாரியின் சிரிப்பு மெல்ல மறைந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. தாரணியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. "களைச்சுப் போயிருக்கா, சார். ரொம்ப தூரப் பயணம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் பெட்டியின் உள்துணியில் இருந்த பள்ளியின் ஒட்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

டாக்சி மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டியது. பிறகு, "அம்மா, நான் தொடணும்னுதான் நெனச்சேன். என் வில்லு பயப்படுது" என்றாள். தமிழில் சொன்னாள். அவள் தமிழில் பேசும் நேரங்கள் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஏன் அதைத் தமிழில் சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

3

அக்காவும் மாமாவும் மூக்கண்டப்பள்ளியில் லைன் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். எல்லாரும் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். மூன்று ஷிப்ட் ஓடுகிற இடத்தில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு வீடு தூங்கிக்கொண்டிருக்கும். காலையில் குக்கர் விசில் அடிக்கும்போதே பக்கத்து வீட்டில் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுப்பார். அங்கே பிள்ளைகள்கூடத் தாழ்ந்த குரலில் சண்டை போடப் பழகியிருக்கும். இதையெல்லாம் நான் அங்கேயே வளர்ந்தும் மறந்துபோயிருந்தேன்.

வயோலாவைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் நாளே அக்கா வாயில் விரல் வைத்தாள். "பக்கத்துல பசவராஜண்ணன் தூங்குவாரு. நைட் ஷிப்ட்டு. கொஞ்சம் பாத்து வாசிக்கட்டும்."

தாரணிக்கு வேறென்ன வேண்டும்! சத்தம் வராமல் வாசிக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. தந்தியின் மேல் சத்தத்தை அடக்கும் ரப்பர் துண்டைச் செருகிக்கொண்டாள். அதற்கும் மேலே வில்லைத் தூக்கிக்கொண்டாள். எமிலியின் வகுப்பில் மட்டும் வேறு வழியின்றிக் கொஞ்சம் தொடுவாள். அப்போதும் பாதி நாள் மின்சாரம் போய்விடும். நான் கைப்பேசி இணைப்பைக் கொடுத்துக்கொண்டு ஓடுவேன். திரையில் எமிலியின் முகம் உறைந்து நிற்கும். தாரணிக்கு அந்த நிமிடங்கள்தான் நிம்மதி. நானோ தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மாலை அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது கை ஆட்காட்டி விரல் பாதியோடு நின்றுவிடும். கத்தியை மற்ற விரல்களால் பிடிப்பாள். தாரணி காணொளியில் எத்தனையோ முறை அக்காவோடு பேசியிருக்கிறாள், இதைக் கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

"பெரிம்மா, விரலுக்கு என்ன ஆச்சு?"

"பிரஸ் மிஷினு கண்ணு. ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் சேத்து அமுக்குனாத்தான் மிஷினு எறங்கும். கை உள்ள போயிடக் கூடாதுன்னு அப்பிடி வெச்சிருக்காங்க. முந்தின ஷிப்ட்டுல யாரோ ஒரு பட்டன டேப்பு போட்டு ஒட்டிட்டுப் போயிட்டாங்க, வேல வெரசா ஆவும்னு. அது தப்புன்னு எனக்குத் தெரியாது. அப்ப நான் சேந்து ஒரு வாரம்தான் ஆவுது. எடது கையால அமுக்குனேன், வலது கை உள்ள இருக்கறப்பவே எறங்கிடுச்சு."

"ட்ரெயினிங் குடுக்கலையா?"

"குடுத்தாங்களே. படம் போட்டு இங்கிலீசுல சொன்னாங்க. முடிஞ்சதும், எல்லாருக்கும் புரிஞ்சுதான்னு கேட்டாங்க. எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் ஆட்டுனேன்."

தாரணி ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். "உங்கள மட்டும் தனியா கூப்புட்டுக் கேக்கலையா?"

"என்னைய மட்டும் எதுக்குக் கண்ணு கேக்கப்போறாங்க? அத்தனை பேரு இருந்தோம்."

அக்கா இதைச் சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள். நான்தான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த விபத்து நடந்தபோது நான் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தேன். வந்து பார்த்தபோது கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கூட்டத்தில் தலையாட்டியதை எனக்கு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு குழந்தை கேட்டதும் சொல்லிவிட்டாள்.

4

அதற்குப் பிறகு தாரணி தானாகவே வயோலாவை எடுத்தாள். ஆனாலும் சத்தம் வரவில்லை. மூன்று நான்கு சுரம் தொடுவாள். ஒன்று பிசகும். உடனே நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி பிசகும். நிறுத்துவாள். "அடுத்ததுக்குப் போயேன்" என்று நான் சொன்னால், "தப்பா இருக்கு, கேக்கலையா உனக்கு?" என்று சீறுவாள். மிச்சிகன் திரும்ப இரண்டு வாரம்கூட இல்லை. ஒரு முறைகூட அந்தப் பாட்டைக் கடைசிவரை வாசித்திருக்கவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கதவை யாரோ தட்டினார்கள். தட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பசவராஜண்ணன். லுங்கி, பனியன், ரத்தமாய்ச் சிவந்த கண்கள். ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"அம்மா, ஒந்து மாத்து. ஒரு வார்த்தை."

"மன்னிச்சுக்கங்கண்ணா. இப்பவே நிறுத்தச் சொல்றேன்" என்றேன். அக்காவும் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கதவுக்குப் பின்னால் தாரணி வயோலாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்தறது பேடாம்மா, வேணாம்! நிறுத்தறதுதான் பிரச்சனையே!" அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "ராத்திரி பூரா மோல்டிங் மிஷின் பக்கத்துல நிக்கறேன். அந்தச் சத்தத்துல நின்னுக்கிட்டே தூங்குவேன் நான். ஆனா இது இருக்குதே... கீய்ங்குது. அப்பறம் ஒண்ணுமே இல்ல. மறுபடி எப்போ வரும், எப்போ வரும்னு கண்ண மூடிக்கிட்டு காத்துக்கெடக்கறேன். தப்போ சரியோ, முழுசா வாசிக்கச் சொல்லுங்க. ஒரே சத்தமா இருந்தா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்."

"தப்பா இருந்தா பரவாயில்லையா அங்கிள்?" கதவுக்குப் பின்னாலிருந்து தாரணியின் குரல்.

அவர் எட்டிப் பார்த்தார். "எனக்கு எப்படி தெரியும் பாப்பா எது தப்பு, எது சரின்னு? எனக்கு நித்தெ வேணும், தூக்கம். அஷ்டே, அவ்ளோதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். சிரிக்கவும் பயமாக இருந்தது. தாரணியின் முகம் இறுகிப்போயிருந்தது. அழப்போகிறாள் அல்லது வயோலாவை எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் ரப்பர் துண்டைப் பிடுங்கி எடுத்தாள். வில்லைத் தந்தியில் வைத்தாள். வைத்து அழுத்தினாள்.

வந்த சத்தம் நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். தொப்பூர்க் கணவாயில் லோடு லாரி பிரேக் போடுகிற மாதிரி இருந்தது. பிசகிய இடம் பளிச்சென்று கேட்டது. வீடு முழுக்கக் கேட்டது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வில் நிற்கவில்லை. வேகமான இடம் வந்தது. கை தடுமாறியது. சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் விடவில்லை. முகவாய்க்கட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டு கடைசிச் சுரம்வரை போனாள். அது முடிந்ததும் மூச்சு வாங்க நின்றாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்தோம். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் ஓசையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"தூங்கிட்டாரு போல" என்றாள் அக்கா மெதுவாக. "இன்னொரு தரம் வாசி கண்ணு. எந்திரிச்சிடப் போறாரு."

அடுத்த வகுப்பில் எமிலி திரையில் முன்னால் சாய்ந்து கேட்டாள். முடித்ததும் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. "உன் கட்டைவிரல் கல் மாதிரி இருக்கிறது. அதனால்தான் வேகமான இடத்தில் கை கட்டிக்கொள்கிறது. இவ்வளவு நாளும் எனக்கு அது தெரியவே வழியில்லாமல் இருந்தது" என்றாள். அந்த வகுப்பு முழுவதும் ஒரு கட்டைவிரலைப் பற்றித்தான். அறுபது பேர் இருக்கிற அறையில் ஒரு கட்டைவிரலுக்கு யார் ஒரு வகுப்பை ஒதுக்க முடியும்? பள்ளி ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கேட்கவேண்டியது மொத்தச் சத்தம். அதில் ஒரு குழந்தை குறைந்தால் அவருக்குச் சந்தேகம் வரலாம், எந்த விரலில் குறை என்று தெரியாது.

5

செப்டம்பரில் தேர்வு. நான் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் காத்திருந்தேன். உள்ளே உட்காரப் போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். வானொலியைப் போட்டேன், அணைத்தேன். செந்தில் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். ஊரில் அக்கா வேலைக்குக் கிளம்பும் முன் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததாகக் குரல்செய்தி அனுப்பியிருந்தாள்.

தாரணி வெளியே வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "கீழ்க் குழுவுல போட்டுட்டாங்க" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு கோடை முழுவதும் உழைத்து, கண்ணீர் விட்டு, கண்டம் தாண்டி அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமந்து, கடைசியில் இதற்கா? அன்று மாலையே ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் நிதானமாகப் பேசினார்.

"போன வருடம் இவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, உங்களுக்குத் தெரியுமா? இன்று நிறைய தப்பு செய்தாள். எல்லாமே எனக்குக் கேட்டது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. கீழ்க் குழுவில் வயோலாவுக்கு இரண்டே பேர். அவள் அங்கே இருப்பது எனக்கு வேண்டும்."

இதைத் தாரணியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்வதாக நினைத்தாள். தனி வகுப்பை நிறுத்திவிடலாமா என்று செந்தில் கேட்டார். பிள்ளையை எதற்கு வதைக்கிறோம் என்பது அவர் கட்சி. தாரணிதான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "எமிலிய மட்டும் நிறுத்தாதீங்கப்பா" என்றாள். "அவங்ககிட்ட தப்பா வாசிக்க முடியுது."

மேல்குழுவுக்குப் போவதற்காக அனுப்பிய வகுப்பு, கீழ்க்குழுவுக்குக் கொண்டுவந்து விட்டது. இதில் என்ன லாபம் என்று சுமதி கேட்பாள். ரேங்க் கூடியதா, மார்க் வந்ததா என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எனக்குத் தெரிந்த லாபம் ஒன்றுதான். வாரத்தில் ஒரு மணி நேரம், என் மகள் ஒளிந்துகொள்ள யாரும் இல்லாத ஓர் அறையில், அவள் வாசிப்பதை மட்டும் கேட்க ஒருத்தி இருக்கிறாள்.

டிசம்பரில் கச்சேரி. வெளியே முழங்கால்வரை பனி. கீழ்க்குழுதான் முதலில். இருபது சின்னப் பிள்ளைகள், ஓரத்தில் இரண்டு வயோலாக்கள். நான் கைப்பேசியை எடுக்கவில்லை. ஒரு மெதுவான பாட்டு வாசித்தார்கள். நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, ஒரு மூச்சு அமைதி, பிறகு எல்லாரும் சேர்ந்து தொடங்க வேண்டும். ஆசிரியர் கையை உயர்த்தினார். அரங்கம் அடங்கியது.

அந்த அமைதியில் ஒரே ஒரு வயோலா முன்னாலேயே தொடங்கிவிட்டது. உருண்டையாக, கனமாக, அத்தனை பேர் நடுவில் அது மட்டும். செந்தில் என் கையைப் பிடித்தார். வில் இனித் தூக்கிக்கொள்ளும், இனி இந்தப் பிள்ளை வாத்தியத்தையே தொடமாட்டாள் என்று நினைத்தேன்.

தாரணி வில்லைத் தூக்கவில்லை. அந்தச் சுரத்தை அப்படியே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆசிரியரின் கை இறங்கியது, மற்ற பத்தொன்பது பேரும் வந்து அதில் சேர்ந்துகொண்டார்கள்.

கச்சேரி முடிந்து கோட்டு மாட்டும் இடத்தில் கூட்டத்துக்குள் எங்களைத் தேடி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, நான் முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பின்னாடி வரைக்குமா?"

"நாங்க கடைசி வரிசைலதான் இருந்தோம்."

அவள் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், எனக்கு முன்னால் பனிக்குள் நடந்து போனாள்.